வன்னியில் ஓர் அரச ஆவணத்தைத் தேடுவது: இரண்டாவது பிரதி எந்தக் கந்தோரில்?

கந்தோரில் ஓர் அலுவல் என்றால் வன்னியில் முதலில் வருகிற கேள்வி, "அங்க உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்பதுதான். அது இயல்பான கேள்வி. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதற்கும் 113,510 பேர்தான். முல்லைத்தீவில் அதைவிடவும் குறைவு. இந்த அளவு சனத்துக்குள், காணிக் கிளையில் இருப்பவர் யாரோ ஒருவரின் மருமகனாகவோ கூடப் படித்தவராகவோ இருக்கத்தான் செய்வார். ஒரு தொலைபேசி அழைப்பில் அலுவல் முடியுமென்றால் யார்தான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு இருப்பார்கள்?

அந்த ஆள் இடமாற்றலாகிப் போகிற அன்றைக்குச் சிக்கல் தொடங்குகிறது. தெரிந்த ஆளே இல்லாத வீடுகளுக்கு அது எப்போதும் உள்ள சிக்கல். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்களில் பல, தலைமுறை கடந்தும் பெமிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) இல்லாத காணியில் இருக்கின்றன. வறுமையும் கொள்கையும் அதற்குக் காரணம் என்பது சரி. எந்தக் கந்தோரில் எந்தத் தாளைக் கேட்பது என்று சொல்ல அவர்களுக்கு அங்கே ஆள் இல்லாமற் போனதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் பார்க்கிற பெண்களின் நிலையும் அதேதான்.

ஆளைப் பிடிப்பதைவிடத் தாளைப் பிடிக்கப் பழகவேண்டும். அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: அந்தத் தாளை உண்டாக்கியது எந்தக் கந்தோர், அதன் மற்றப் பிரதி எங்கே போனது. முக்கியமான ஒரு தாளை அரச நிர்வாகம் ஒற்றைப் பிரதியாக வைத்திருப்பது குறைவு. இவ்வளவு இடப்பெயர்வுக்கும் எரிப்புக்கும் பிறகு வன்னி மக்களின் பெயரில் ஏதாவது எழுத்தில் மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தப் பழக்கத்தால்தான்.

செயலகம் வேறு, சபை வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், ஓர் இடத்தில் கொடுக்கவேண்டிய கடிதத்தை மற்ற இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. பழைய ஆட்கள் அதை ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார்கள். மேலே கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். கீழே கிராம அலுவலர், நாங்கள் விதானையார் என்றோ ஜி.எஸ். என்றோ கூப்பிடுபவர். காணி, பிறப்பு இறப்புப் பதிவு, அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள், வீட்டுத்திட்டப் பட்டியல், இடர் உதவி எல்லாம் இந்த வழியால் வருகின்றன. கிளிநொச்சி மாவட்டத்தில் 4 பிரதேச செயலகங்களும் 95 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. முல்லைத்தீவில் 6 செயலகங்கள், 136 பிரிவுகள்.

பிரதேச சபை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி அமைப்பு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. ஊர் வீதிகள், சந்தை, கடை வாடகை, சோலைவரி, கட்டட அனுமதி, குப்பை, தெருவிளக்கு, மயானம், நூலகம் இவையெல்லாம் அதன் பொறுப்பு. தவிசாளரும் உறுப்பினர்களும் முடிவெடுப்பார்கள். கோவைகளும் பதிவேடுகளும் செயலாளரின் பொறுப்பில் இருக்கும்.

இரண்டின் எல்லைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. கண்டாவளையில் பிரதேச செயலகம் இருக்கிறது, பிரதேச சபை இல்லை. அந்தப் பகுதி கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. கிளிநொச்சி நகரத்துக்கென்று தனியாக நகர சபையும் கிடையாது. ஏ-9 வீதியோரம் இத்தனை வங்கிகளும் மாடிக் கட்டடங்களும் எழும்பிய பிறகும் அந்த நகரத்தை நிர்வகிப்பது கரைச்சிப் பிரதேச சபைதான். நகர சபை எங்கே என்று தேடிக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர் பலர்.

இதற்குள் மாகாணமும் இருக்கிறது. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் தெரிவான சபை இல்லை. ஆனால் மாகாணத் திணைக்களங்கள் ஆளுநரின் கீழ் இயங்கிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு வீதியை எடுத்துப் பார்த்தால் இதெல்லாம் விளங்கும். உங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற வீதியில் குழி. யாரிடம் கேட்பது? ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மற்ற ஊர் வீதிகள் பிரதேச சபையுடையவை. வன்னியில் இன்னொரு வகையும் உண்டு: வாய்க்கால் கரையோடு போகிற பாதை. சனம் நாளும் பொழுதும் அதால்தான் போய்வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அதால்தான் போகிறார்கள். ஆனால் அந்தப் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. சபையிடம் எத்தனை மனுக் கொடுத்தாலும் "எங்கட வீதி இல்லை" என்ற பதில்தான் வரும், அந்தப் பதில் உண்மையும்கூட. ஆகவே முதல் விண்ணப்பத்தில் குழியைப் பற்றி எழுதாதீர்கள். சபையின் வீதிப் பதிவேட்டில் இந்தப் பாதை இருக்கிறதா, இருந்தால் எந்த இலக்கத்தில், எத்தனை மீற்றர் நீளம் என்று கேளுங்கள். அந்த ஒரு வரிப் பதில் கையில் இருந்தால் அடுத்த கடிதம் எங்கே போகவேண்டும் என்பது தானாகத் தெரியும்.

போன பதிவும் மிஞ்சிய பதிவும்

1996 இல் கிளிநொச்சி நகரம் போருக்குள் சிக்கியபோது நிர்வாகமும் சனத்தோடு இடம்பெயர்ந்தது. 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை மறுபடியும் அதே கதை, இந்தமுறை இன்னும் கொடுமையாக. அதற்கு நடுவில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து முல்லைத்தீவுக் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. வீடுகளில் இருந்த பத்திரங்கள் போயின. கந்தோர்களில் இருந்த கோவைகளிலும் பல போயின.

ஆனால் பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவுகளுக்கு இரட்டைப் பதிவேடு உண்டு. பதிவாளர் எழுதுகிற பதிவின் ஒரு பிரதி மாவட்டத்தில் இருக்கும், மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பறைக்குப் போகும். மாவட்டத்தில் "புத்தகம் இல்லை" என்று சொல்லிவிட்டால் பதிவே இல்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கணினியில் ஏற்றப்பட்ட பதிவென்றால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் அதன் பிரதியை எடுக்கலாம். வவுனியாவில் இருப்பவர் துணுக்காய்க்குப் போகவேண்டியதில்லை. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் அலுவல் சுருக்கம். தெரியாவிட்டால் தேடச்சொல்லி விண்ணப்பிக்கவேண்டும். தேடவேண்டிய காலத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஆகவே காலத்தை எவ்வளவு சுருக்கிக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. "மாரி காலத்தில பிறந்தவன், கட்டைக்காட்டுச் சண்டைக்கு முந்தி" என்று அம்மா சொல்வதை வைத்தே மாதத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

பதிவே செய்யப்படாத பிறப்பு என்றால் வழி வேறு. பிந்திய பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ துணை ஆதாரம் வேண்டும். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, கோயிற்பற்றின் ஞானஸ்நானப் பதிவேடு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை இவை உதவும். மன்னார்ப் பக்கத்தில் ஞானஸ்நானப் பதிவேடு பல குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போரில் இடம்பெயர்ந்து இயங்கியிருந்தால் அந்த இடாப்பு வலயக் கல்விக் கந்தோரிலோ, அது தங்கியிருந்த மற்றப் பள்ளிக்கூடத்திலோ இருக்கக்கூடும். அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

குடியிருப்பை நிரூபிப்பதற்கு நான் எப்போதும் சொல்வது பழைய வாக்காளர் இடாப்பு. 1981 இற்குப் பிறகு 2012 வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2001 கணக்கெடுப்பு இங்கே நடத்தப்படவில்லை. ஒரு முழுத் தலைமுறை எண்ணப்படாமலே வளர்ந்தது. அந்த இடைவெளியில் ஓர் ஊரில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அரசின் கையில் உள்ள எழுத்து, தேர்தல் கந்தோரின் இடாப்பும் கிராம அலுவலரின் குடும்பப் பதிவும்தான். அதில் வீட்டு வரிசைப்படி பெயர்கள் இருக்கும். பெமிட் தொலைந்த ஒருவருக்கு, தன் பெயரும் இரு பக்கத்து அயலவரின் பெயர்களும் சேர்ந்து வருகிற ஒரு பக்கம் எவ்வளவு பெறுமதியானது என்று யோசித்துப் பாருங்கள்.

காணாமற்போனவர்களின் விஷயம் தனி. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு மரணப் பதிவு செய்ய இடம் கொடுத்தது. மகன் இறந்துவிட்டான் என்று கையெழுத்து வைக்க எத்தனையோ தாய்மார் மறுத்தார்கள், மறுக்கிறார்கள். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழுக்கு வழி வந்தது. அதை வைத்து அவருடைய சொத்தையும் பிள்ளைகளின் கொடுப்பனவுகளையும் குடும்பம் கவனிக்கலாம். இரண்டில் எதை எடுப்பது, எடுப்பதா விடுவதா என்பது அந்த வீட்டின் முடிவு. கந்தோரில் யாரும் ஒன்றைத் திணிக்கக் கூடாது.

காணிக் கிளையின் பேரேடு

யாழ்ப்பாணத்தில் காணி என்றால் உறுதி, அதாவது சொந்தக் காணிக்கான பத்திரம். வன்னியில் பெரும்பாலும் பெமிட். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை வைத்து உருவான குடியேற்றத் திட்டங்களில் கொடுத்தது அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றியபின் அளிப்பு, அதாவது உரிமைப் பத்திரம். அந்தச் சட்டத்தின் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. "எல்.டி.ஓ. பெமிட்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

காணிக் கிளையில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இப்படி இருக்கும். வயதான ஓர் அம்மா பொலித்தீன் பையைப் பிரித்து, உள்ளே இன்னொரு பொலித்தீன் பையைப் பிரித்து, அடையாள அட்டையையும் நைந்துபோன ஒரு குடும்ப அட்டையையும் மேசையில் வைப்பார். "தம்பி, பெமிட் மாத்தளன்ல போட்டுது. இலக்கம் ஒண்டும் ஞாபகம் இல்லை." உத்தியோகத்தர் நல்ல மனிதர் என்றால் அடுத்ததாகக் கேட்பது, "அம்மா, எத்தினையாம் வாய்க்கால்? பக்கத்துக் காணி ஆருடையது?" என்பதுதான். அந்தக் கேள்வியில்தான் முழு நுட்பமும் இருக்கிறது.

ஏனென்றால் பெமிட் என்பது ஒரு தாள் மட்டுமல்ல. உங்கள் கையில் இருந்தது ஒன்று. அதன் அலுவலகப் பிரதி காணிக் கோவையில் இருக்கும். அதன் விபரம் காணிப் பேரேட்டில் ஒரு வரியாக இருக்கும்: பெமிட் இலக்கம், பெயர், துண்டு இலக்கம், ஏக்கர் றூட் பேர்ச்சில் அளவு, வழங்கிய திகதி, பின்னுரித்தாளர் (பெமிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) நியமனம் இருந்தால் அதுவும். அதே துண்டு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் ஒரு கோடாக இருக்கும். வயற்காணி என்றால் கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் பயிர்செய்தவரின் பெயர் இருக்கும். அளிப்பாக மாறியிருந்தால் காணிப் பதிவகத்திலும் இருக்கும். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று ஊர் சொல்கிற முகவரியை வரைபடத்தோடு பொருத்தினால் துண்டு இலக்கம் வரும். துண்டு இலக்கம் வந்தால் பேரேட்டு வரி வரும். கோவை எரிந்திருந்தாலும் பக்கத்துக் காணிக்காரரின் பெமிட்டில் எல்லை எழுதியிருப்பார்கள். "கிழக்கு: இன்னாருடைய துண்டு" என்று உங்கள் தகப்பனின் பெயர் அங்கே இருக்கலாம்.

ஆகவே "என்ர காணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்காமல், "இந்தத் துண்டுக்குரிய காணிப் பேரேட்டுப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும்" என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு எவரும் எதையும் சொல்லலாம். இரண்டாவதற்கு ஒரு தாள் வரவேண்டும், அல்லது இல்லை என்று எழுத்தில் வரவேண்டும்.

மாவட்ட எல்லைகள் மாறியதையும் மனதில் வைத்திருங்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984 இல். அதற்கு முந்திய உறுதியையோ பழைய பதிவையோ தேடுபவர் யாழ்ப்பாணத்திலும் கேட்கவேண்டும். முல்லைத்தீவுக் காணியென்றால் அந்த இடம் முன்னர் எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். போரிலும் சுனாமியிலும் வன்னியில் அழிந்த சில தாள்களின் சோடி அப்படி வெளியில் தப்பியிருக்கும்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு செய்தி. பின்னுரித்தாளரை நியமிக்காமல் பெமிட்காரர் இறந்தால், பழைய சட்டத்தில் மகன்மாருக்குத்தான் முதலிடம். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் பேதத்தை நீக்கியது. இது இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. "பெட்டைக்குச் சட்டத்தில இடமில்லை" என்று யாராவது சொன்னால் அந்தத் திருத்தத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

வர்த்தமானி வாசிக்காத ஊர்

2025 மார்ச் 28 திகதியிட்ட ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், இல்லாவிட்டால் அது அரச காணியாகத் தீர்மானிக்கப்படலாம் என்பது அதன் சாரம். முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர். உறுதி கடலோடு போன ஒருவர், வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், அந்த மூன்று மாதத்துக்குள் என்ன செய்வார்? எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் வந்தபின் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. ஆனால் நினைத்துப் பாருங்கள்: அந்த நாட்களில் முதற் சில கிழமைகள் கரையோரக் கிராமங்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்கவில்லை.

வர்த்தமானிதான் அரசு மக்களுக்குச் "சொல்லியாயிற்று" என்று எடுத்துக்கொள்ளும் இடம். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமானதும் 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்ததும் வர்த்தமானியால்தான். காட்டு எல்லை, தொல்லியல் இடம், காணி சுவீகரிப்பு எல்லாம் அங்கேதான் முதலில் எழுத்தாகின்றன. எல்லைக்கல் வயலுக்குள் நடப்படுகிறபோதுதான் ஊருக்குத் தெரியவருகிறது. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. ஊரில் கைத்தொலைபேசி பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞர், சனசமூக நிலையத்தில் கிழமைக்கு ஒருமுறை தன் மாவட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்து அறிவித்தல் பலகையில் ஒட்டினாலே நிலைமை மாறும். அந்த வேலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. என்னைக் கேட்டால் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை அதுதான்.

சபையின் காசு, குளத்தின் தண்ணீர்

பிரதேச சபை மாதாமாதம் கூடும். கூட்டத்தைப் பார்க்கப் போகலாம். வரவுசெலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதாகப் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவித்தல் வரும். போய்ப் பார்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொரு சபைக்கும் கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கிறார், அது அவருடைய திணைக்களத்தின் தளத்தில் இருக்கிறது. ஊரில் வதந்தியாக உலாவுகிற பல விஷயங்கள், அறவிடாத கடை வாடகை, பாவிக்காமல் துருப்பிடிக்கிற வாகனம், கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் கட்டடம், அங்கே பந்தி இலக்கத்தோடு இருக்கும். தவிசாளரிடம் கேள்வி கேட்க விரும்புகிறவர் முதலில் அதை வாசிக்கட்டும்.

ஒரு காலப்பகுதியைக் கவனிக்கவேண்டும். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபைகள் செயலாளர்களின் கையில் இருந்தன. அந்தக் காலத்து முடிவுகளைக் கூட்டக் குறிப்பேட்டில் உறுப்பினர்களின் விவாதமாகத் தேடினால் கிடைக்காது. கோவைகளையும் செயலாளரின் தீர்மானங்களையும் கேட்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் வன்னிக்கென்று ஒரு பழைய பொது ஆவணம் உண்டு: சிறுபோகக் கூட்டத்தின் தீர்மானம். இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்குப் பங்கு, துருசு எந்தத் திகதி திறப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு விதைக்கக்கூடாது எல்லாம் அந்தக் கூட்டத்தில் கமக்காரர் முன்னிலையில் முடிவாகி எழுதப்படும். பங்கில் பிணக்கு வந்தால் வாய்ச்சண்டையை விட்டுவிட்டு அந்தக் கூட்டக் குறிப்பின் பிரதியை எடுங்கள். கமக்காரர் அமைப்பிடம் ஒன்று இருக்கும், அங்கே தராவிட்டால் கச்சேரியில் ஒன்று இருக்கும்.

தரமாட்டோம் என்றால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். ஒருவரின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்தான். 2017 இல் வந்த கட்டண விதிகளின்படி முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்குமேல் ஏ-4 பக்கமொன்றுக்கு 2 ரூபா.

மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள ஆணைக்குழு, இரண்டு மாதத்துக்குள். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். திகதி இல்லாத விண்ணப்பத்துக்கு மேன்முறையீடு இல்லை.

இந்தச் சட்டம் இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும். கனடாவில் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாத அண்ணா தன் பெயரில் கேட்க முடியாது. ஊரில் இருக்கிற தங்கச்சி தன் பெயரில் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் அந்தரங்க விபரத்தைக் கேட்டால் தரமாட்டார்கள், அது சரியும்கூட. வீட்டுத்திட்டத்தில் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பதை விட்டு, அந்தப் பிரிவின் தெரிவுப் பட்டியலையும் புள்ளி வழங்கிய முறையையும் கேட்கலாம். படையினர் இருக்கிற காணியென்றால் படையிடம் கேட்டுத் தேசிய பாதுகாப்பு என்ற பதிலை வாங்குவதைவிட, அந்தக் காணிகளின் பட்டியலைக் கச்சேரியின் காணிக் கிளையிடம் கேட்பது நல்லது.

அப்புறம், வேலைத்திட்டங்கள். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்ளூர் நிதித் திட்டமென்றால் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரம் மக்களுக்குத் தெரிவிக்கப்படவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இன்றைய விலைவாசியில் ஒரு சின்ன கொங்கிரீட் வீதியே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். கல்லும் மணலும் வந்து இறங்கிய பிறகு பெயர்ப்பலகை நடுவது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

பயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. படிவம் நிரப்பினால் யாராவது வீடு தேடி வந்து விசாரிப்பார்களோ என்று வன்னியில் நினைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் தனி ஆளாக இல்லாமல் சங்கமாகக் கேட்கச் சொல்கிறேன். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் ஓர் அமைப்பின் பெயரிலேயே கேட்கலாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ கடிதத்தலைப்பில் கேட்டால் பதிலின் தொனியே வேறாக இருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஓர் அவசரமும் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கந்தோர்களில் ஏற்கெனவே இருந்த பதிவுகளைப் பத்து வருடத்துக்குக் குறையாமல் பாதுகாக்கவேண்டும் என்பது அதன் 7 ஆம் பிரிவு. 2017 பெப்ரவரியிலிருந்து எண்ணினால் அந்தக் காலம் 2027 பெப்ரவரியில் முடிகிறது. மனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்து மீள்குடியேற்றப் பதிவுகள், வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் கட்டிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பயனாளி தெரிவுப் பட்டியல்கள், 2013 இன் சுற்றறிக்கையின் கீழ் சனம் கொடுத்த காணி விண்ணப்பப் படிவங்கள், காணிக்கச்சேரிகளின் (காணிக் கோரிக்கைகளை விசாரிக்கும் கூட்டங்களின்) குறிப்புகள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருகின்றன. அதன் பிறகு அவற்றை வைத்திருக்கச் சொல்லும் கட்டாயம் தளர்ந்துவிடும். உங்கள் குடும்பத்தின் பெயர் அந்தப் பட்டியல்களில் இருக்கவேண்டுமென்று நினைத்தால், உறுதிப்படுத்திய பிரதிக்கான விண்ணப்பத்தை அதற்கு முன்னமே பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.